கட்டமைந்த ஆவணம்: கட்டற்ற மென்பொருளுக்கு டாக்ஸ் எழுத வருபவர்களுக்கு

"நம்ம புராஜெக்டுக்கு டாக்ஸ் எழுதணும், எதுல எழுதலாம்?" என்று ஏதாவது ஒரு நிரலர் குழுவில் கேட்டுப் பாருங்கள். டாக்ஸ் என்றால் மென்பொருளுக்கான கையேடு, விளக்கம் எல்லாம். பதில்கள் வந்து விழும். ஒருவர் மார்க்டவுன் என்பார், அடுத்தவர் ஸ்ஃபிங்க்ஸ் என்பார், மூன்றாமவர் ரீட் த டாக்ஸ் இருக்கும்போது வேறென்ன என்பார், கொஞ்சம் பழைய ஆள் யாராவது இருந்தால் டாக்புக் மாதிரி வராது என்று அடித்துச் சொல்வார். அப்புறம் எது சிறந்தது என்று சண்டை. வேடிக்கை என்னவென்றால் இந்த நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவையே இல்லை. மார்க்டவுன் ஓர் எழுத்துமுறை. ஸ்ஃபிங்க்ஸ், எழுதியதைப் பக்கங்களாக மாற்றித் தரும் நிரல். ரீட் த டாக்ஸ், அந்தப் பக்கங்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம். டாக்புக்கும் எழுத்துமுறைதான், ஆனால் ஆவணத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்லும் வகை. இவற்றில் எது நல்லது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, எழுதும் முறை, மாற்றும் நிரல், வைக்கும் இடம் என்ற மூன்று வகையும் ஒரே புராஜெக்டில் சேர்ந்து இருப்பதுதான் வழக்கம்.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. "ஸ்ட்ரக்சர்டு டாக்குமென்டேஷன்" என்று சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்டால் பலரும் "தலைப்பு, துணைத்தலைப்பு எல்லாம் போட்டு அழகா எழுதுறது" என்பார்கள். அழகுக்கும் இதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. இதுவரை ஒரு கமிட்கூட (நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு) போடாதவரும் புரிந்துகொள்ளும்படி, அந்தச் சொல்லில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். எந்தக் கருவியை எப்படி நிறுவுவது என்பதெல்லாம் இதில் வராது, அதற்கு அந்தந்தக் கருவியின் கையேடு இருக்கிறது.

## மேட்டரும் மாடலும்

கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போகிறீர்கள். அச்சகக்காரர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதுவார்: மணமகன் பெயர், மணமகள் பெயர், இரண்டு பக்கப் பெற்றோர், முகூர்த்தம் எத்தனை மணிக்கு மேல் எத்தனை மணிக்குள், மண்டபம் எங்கே, அழைப்பது யார். அதற்குப் பெயர் மேட்டர். பிறகு ஆல்பத்தைப் புரட்டி ஒரு மாடலைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். பிள்ளையார் நடுவில் வருவாரா ஓரத்தில் வருவாரா, பெயர் தங்க எழுத்தா மெரூன் எழுத்தா என்பதையெல்லாம் மாடல் பார்த்துக்கொள்ளும். மறுநாள் அத்தை வந்து "இது என்ன, சாவு வீட்டுக் கார்டு மாதிரி இருக்கு" என்று சொன்னால் மாடல் எண்ணை மாற்றினால் போயிற்று, மேட்டரில் ஓர் எழுத்தைத் தொட வேண்டாம். அதே மேட்டரிலிருந்து மண்டப வாசலுக்கு ஃப்ளெக்ஸும் வாட்ஸ்அப்புக்குப் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இப்படி யோசியுங்கள். மேட்டரைத் தராமல், "மேலே சிவப்பில் பெரிசா செந்தில்குமார், ரெண்டு வரி விட்டு நீலத்தில் கவிதா, கீழே சின்னதா 9.00 - 10.30" என்று எழுதிக் கொடுத்தால்? பத்திரிகை வரும். ஆனால் இதில் யார் மணமகன், 9.00 என்பது முகூர்த்தமா வரவேற்பா என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. பார்க்கிற மனிதர் ஊகித்துக்கொள்வார், மாடல் ஊகிக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். முகூர்த்த நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டால் அச்சகக்காரர் விடமாட்டார், "சார், டைம் சொல்லலையே" என்பார். பத்திரிகை என்றால் எதெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பட்டியல் தெரியும்.

கட்டமைந்த ஆவணம் என்பதன் சாரம் இவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதாமல், அது என்ன என்று எழுதுவது. தோற்றத்தை வேறோர் இடத்தில், ஒரே ஒரு முறை முடிவு செய்வது.

## கணினிக்கு எது தலைப்பு?

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இரண்டு பேர் ஒரே தலைப்பைப் போடுகிறார்கள். முதல் ஆள் வரியைத் தேர்ந்து போல்டு செய்து, அளவை 18 ஆக்குகிறார். இரண்டாம் ஆள் ஸ்டைல் பட்டியலில் ஹெடிங் 1 என்பதை அழுத்துகிறார். அச்செடுத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பொருளடக்கம் சேர் என்று கட்டளை கொடுங்கள்: இரண்டாம் ஆளுக்கு முழுப் பட்டியலும் பக்க எண்ணோடு வந்துவிடும், முதல் ஆளுக்கு வெறும் வெள்ளைக் கட்டம். அவர் போட்டது கணினியைப் பொறுத்தவரை தலைப்பே இல்லை, கொஞ்சம் தடித்த ஒரு பத்தி. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிக்கப் பார்த்தாலும் இதே கதைதான், முதல் ஆளின் கோப்பில் தாவுவதற்கு இடமே கிடையாது.

## 1971-லேயே இருந்தது

இது ஏதோ புதிய ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் நிரலர் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் அதே தலைப்புகள், அதே வரிசை: பெயர், எப்படி அழைப்பது என்ற சுருக்கம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, பிழைகள். கடைசியில் சொன்ன பிழைகள் என்ற தலைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிரலை எழுதியவர்களே "இது இப்படிச் சொதப்பும்" என்று அதன் கையேட்டிலேயே எழுதி வைத்தார்கள். இன்று பல பெரிய தயாரிப்புகளின் டாக்ஸில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

லினக்ஸில் கட்டளை தட்டும் முனையத்தில் இன்றும் மேன் என்று தட்டி, பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் வருவது அதன் வாரிசுதான். அதில் பெயர் என்ற பகுதியை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே எழுத ஒரு கண்டிப்பான வடிவம் உண்டு: கட்டளையின் பெயர், ஒரு சிறு கோடு, ஒரே வரி விளக்கம். கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளைக்கு "சிபி - காப்பி ஃபைல்ஸ் அண்ட் டைரக்டரீஸ்" என்று இருக்கும். இது ஏன் இவ்வளவு கண்டிப்பு? அப்ரோபோஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. "காப்பி" சம்பந்தமாக என்னென்ன கட்டளை இருக்கிறது என்று அதனிடம் கேட்டால் பட்டியல் போட்டுக் கொடுக்கும். அது எல்லாக் கையேட்டையும் வரி வரியாகப் படித்துத் தேடுவதில்லை. முன்கூட்டியே ஒரு நிரல் எல்லா மேன் பக்கங்களையும் திறந்து, பெயர் பகுதியில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கி ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறது, அப்ரோபோஸ் அதைத்தான் பார்க்கிறது. யாராவது அந்த இடத்தில் கோடு போடாமல் அழகாக நாலு வரி எழுதிவிட்டால் பக்கம் நன்றாகத்தான் தெரியும், படிக்கவும் முடியும், ஆனால் அப்ரோபோஸில் அந்தக் கட்டளை வராது. தேடுகிறவருக்கு அப்படி ஒரு கட்டளை இருப்பதே தெரியாமல் போகும்.

ஆக, கட்டமைப்பின் பலன் படிப்பவரின் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. பொருளடக்கம், தேடல், பிடிஎஃப், மொழிபெயர்ப்பு என்று இன்னொரு நிரல் அந்த ஆவணத்தைத் தொடும் இடத்தில்தான் தெரியும்.

## மார்க்அப், ஸ்கீமா, வேலிடேஷன், ஸ்டைல்ஷீட்

இனி சொற்கள். நான்கு தெரிந்தால் போதும், மற்றவை தானாகப் பிடிபடும்.

மார்க்அப் என்பது எழுத்தின் நடுவே வைக்கும் குறிகள், இந்தத் துண்டு என்ன என்று சொல்பவை. எக்ஸ்எம்எல் என்ற முறையில் அது டேக் வடிவில் இருக்கும். டேக் பெயரை அதில் தமிழிலேயே வைக்கலாம், ஆகவே ஓர் உதாரணம்:

<எச்சரிக்கை>
  <பத்தி>இந்தக் கட்டளையை ஓட்டும் முன் <கோப்பு>அமைப்பு.உரை</கோப்பு> என்பதை நகலெடுத்து வையுங்கள்.</பத்தி>
</எச்சரிக்கை>

இதில் எழுத்துரு, நிறம், கட்டம் எதுவும் இல்லை. இது எச்சரிக்கை, இது அதற்குள் ஒரு பத்தி, இது கோப்பின் பெயர் என்று மட்டும் இருக்கிறது.

ஸ்கீமா என்பது எந்தெந்த டேக் இருக்கலாம், எதற்குள் எது வரலாம், எது கட்டாயம் என்று சொல்லும் விதிப்பட்டியல். அச்சகக்காரர் மனதில் வைத்திருந்த அந்தப் பட்டியல்தான், எழுத்தில். எழுதிய ஆவணம் ஸ்கீமாவோடு ஒத்துப்போகிறதா என்று நிரல் சரிபார்ப்பது வேலிடேஷன். "டைம் சொல்லலையே" என்று அது கேட்கும்.

அந்த விதிகளைப் பொறுமையாக உட்கார்ந்து எழுதி வைத்த முயற்சிகளில் புகழ்பெற்றது டாக்புக். 1991-ல் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனமும் ஓரைலி பதிப்பகமும் சேர்ந்து, யூனிக்ஸ் ஆவணங்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ள வசதியாக ஆரம்பித்தது. அப்போது எக்ஸ்எம்எல் கிடையாது, அதன் முன்னோடியான எஸ்ஜிஎம்எல் இருந்தது. 1998-ல் எக்ஸ்எம்எல் வந்த பிறகு டாக்புக்கும் அதற்கு மாறியது. அத்தியாயம், பிரிவு, செய்முறை, படி, கட்டளை, கோப்புப்பெயர், எச்சரிக்கை என்று நூற்றுக்கணக்கான டேக்குகள் அதில் உண்டு. செய்முறை என்று ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு படியாவது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேலிடேஷனில் தேறாது.

ஸ்டைல்ஷீட், அச்சக ஆல்பத்தின் மாடல். எச்சரிக்கை என்று டேக் வந்தால் வலைப்பக்கத்தில் மஞ்சள் கட்டம் போடு, பிடிஎஃப்பில் ஓரத்தில் கோடு போடு, மேன் பக்கத்தில் தள்ளி எழுது என்று அதில் இருக்கும். ஒரே மூலக் கோப்பு, பல வெளியீடுகள். இதற்குத்தான் சிங்கிள் சோர்ஸ் என்று பெயர், டாக்ஸ் உலகில் அடிக்கடி காதில் விழும்.

## அப்புறம் ஏன் எல்லோரும் ஓடிப்போனார்கள்?

நியாயமான கேள்வி. டாக்புக் இவ்வளவு ஒழுங்கானது என்றால் கட்டற்ற மென்பொருள் உலகமே அதில் அல்லவா எழுத வேண்டும்? ஒரு காலத்தில் பெரும்பகுதி அதில்தான் எழுதியது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் முறையான கையேடுகள் டாக்புக்கில் இருந்தன, 2016-ல் 4.8 பதிப்பிலிருந்து ஸ்ஃபிங்க்ஸுக்கு நகரத் தொடங்கின. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் தன் பிரபலமான கையேட்டைப் பல வருடம் டாக்புக்கில் வைத்திருந்து, 2021 ஜனவரியில் ஆஸ்கிடாக் என்ற எளிய முறைக்கு மாறியது.

காரணம் தொழில்நுட்பம் என்பதைவிட ஆள் பிரச்சினை என்றே நான் சொல்வேன். கட்டற்ற மென்பொருளின் டாக்ஸ் எழுதுபவர் பெரும்பாலும் சம்பளக்காரர் இல்லை. எங்கோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு நிரலை நிறுவும்போது கையேட்டில் ஓர் எழுத்துப்பிழையைப் பார்க்கிறார், சரி, திருத்தி அனுப்புவோம் என்று கோப்பைத் திறக்கிறார். உள்ளே ஒரு வாக்கியத்துக்கு நான்கு டேக். ஒன்றை மூட மறந்தால் மொத்த ஆவணமும் பக்கமாக மாறமாட்டேன் என்கிறது. சரிபார்க்கலாம் என்றால் நாலைந்து நிரல்களைச் சரியான பதிப்பில் நிறுவ வேண்டும். அவர் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பிழை அங்கேயே இருக்கும்.

இதற்கு மாற்றாக வந்தவையே எளிய மார்க்அப் முறைகள். சாதாரண உரைக்கோப்பு, அதில் சில நிறுத்தற்குறிகளுக்கு மட்டும் விசேஷ அர்த்தம். ஆஸ்கிடாக் 2002-ல், மார்க்டவுன் 2004-ல். பைத்தான் என்ற நிரல்மொழி உலகிலிருந்து வந்த ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டும் இதே காலத்தது. வரியின் முன் # போட்டால் தலைப்பு, * போட்டால் பட்டியல், இவ்வளவுதான் கற்றுக்கொள்ள வேண்டியது என்பதால் மார்க்டவுன் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு போய்விட்டது.

ஆனால் மார்க்டவுனில் எச்சரிக்கை என்று சொல்ல வழி இல்லை. அதை உருவாக்கியபோது நோக்கம் வலைப்பதிவு எழுதுவது, கையேடு எழுதுவது இல்லை. அதனால் என்ன ஆகிறது? ஒருவர் எச்சரிக்கை: என்று போல்டில் போட்டு எழுதுகிறார், நாம் மேலே பார்த்த லிப்ரே ஆபிஸ் முதல் ஆள் திரும்பி வந்துவிட்டார். இன்னொரு பக்கம், மார்க்டவுனைப் பக்கமாக்கிக் காட்டும் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு குறியைச் சேர்த்துக்கொள்கிறது. டாக்குசாரஸில் ::: என்று தொடங்க வேண்டும், எம்கேடாக்ஸின் நீட்டிப்பில் !!! என்று தொடங்க வேண்டும், கிட்ஹப் தளத்தில் மேற்கோள் பத்தி ஒன்றைத் திறந்து [!WARNING] என்று எழுத வேண்டும். கருவியை மாற்றினால் எல்லா எச்சரிக்கைகளையும் உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான். 2014-ல் காமன்மார்க் என்று ஒரு பொது விளக்கவரைவு வந்து அடிப்படைக் குறிகளில் இருந்த குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. எச்சரிக்கை அதிலும் கிடையாது.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டிலும் ஆஸ்கிடாக்கிலும் இந்தத் தொல்லை இல்லை. எச்சரிக்கை, குறிப்பு, கோப்பைச் சேர்த்தல், குறுக்குச் சுட்டு எல்லாமே அந்த முறைகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஆஸ்கிடாக் பிறந்ததே டாக்புக்கைக் கையால் எழுதும் கஷ்டத்தைக் குறைக்கத்தான், அதனால் டாக்புக்கின் எண்ணங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. டாக்புக் செத்துவிட்டது என்று சொல்பவர்களிடம், நிரல் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் என்ற கருவியைக் காட்டலாம். கிட்டின் கையேடுகள் ஆஸ்கிடாக்கில் எழுதப்படுகின்றன, மேன் பக்கமாக ஆகும் வழியில் அவை நடுவில் டாக்புக் எக்ஸ்எம்எல்லாக ஒரு முறை மாறித்தான் போகின்றன. எழுதுபவர் கண்ணில் படாமல் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

என் கணக்கு எளிது. ஒரு ரீட்மீ (திட்டத்தின் அறிமுகக் கோப்பு), அதோடு நான்கைந்து பக்கம் என்றால் மார்க்டவுன் தாராளமாகப் போதும், வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். பக்கங்கள் பெருகும், ஒன்றை ஒன்று சுட்டும், பிடிஎஃப்பும் வேண்டும், மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று தெரிந்தால் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், ஆஸ்கிடாக் இரண்டில் ஒன்று. எக்ஸ்எம்எல்லைக் கையால் எழுதும்படி தன்னார்வலர்களிடம் இன்று கேட்க மாட்டேன்.

## கட்டும் கருவி

எழுதிய உரைக்கோப்புகளை எடுத்து முழு வலைத்தளமாகவோ பிடிஎஃப்பாகவோ மாற்றும் வேலைக்கு பில்ட் என்று பெயர். வலைத்தளமாக மாற்றும் நிரல்களுக்கு ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர் என்பது பொதுப்பெயர், அதாவது வாசகர் வரும்போது பக்கத்தைத் தயாரிக்காமல் முன்பே எல்லாப் பக்கங்களையும் செய்து அடுக்கி வைத்துவிடும். ஹியூகோ, எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ் இந்த வகை. ஸ்ஃபிங்க்ஸும் இந்த வேலையைச் செய்யும், பிடிஎஃப், மின்னூலுக்கான ஈபப், மேன் பக்கமும் சேர்த்துத் தரும். பைத்தான் மொழியின் கையேடுகள் லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் இருந்தன, அவற்றை மாற்றுவதற்காக கியோர்க் பிராண்டல் எழுதிய நிரல் 2008-ல் ஸ்ஃபிங்க்ஸ் என்று வெளியானது. இன்று பைத்தானுக்குச் சம்பந்தமே இல்லாத திட்டங்களும் அதைப் பயன்படுத்துகின்றன.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது குறுக்குச் சுட்டு. "நிறுவும் முறைக்கு 3.2 பார்க்க" என்று கையால் எழுதினால், நாளை நடுவில் ஒரு பிரிவு சேர்ந்ததும் அது 3.3 ஆகிவிடும், உங்கள் வரி பொய் சொல்லும். ஸ்ஃபிங்க்ஸில் அந்தப் பிரிவுக்கு மேலே ஒரு அடையாளப் பெயர் வைத்து, சுட்டும் இடத்தில் அந்தப் பெயரை மட்டும் குறிப்பிடுவீர்கள். தலைப்பு மாறினாலும் பக்கமே வேறு கோப்புக்குப் போனாலும் இணைப்பு பின்னாலேயே போகும். அந்தப் பெயரை யாராவது அழித்துவிட்டால் பில்ட் செய்யும்போது எச்சரிக்கை வரும்.

ரீட் த டாக்ஸ் கட்டும் கருவி கிடையாது, கட்டி வைக்கும் சேவை. உங்கள் ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம்) மாற்றம் வந்தவுடன் தானே ஸ்ஃபிங்க்ஸையோ எம்கேடாக்ஸையோ ஓட்டி, 1.0 பதிப்புக்கு ஒரு கையேடு, 2.0 பதிப்புக்கு ஒரு கையேடு என்று தனித்தனியே வைத்திருக்கும்.

பான்டாக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மார்க்அப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அதைப்போல ஒன்று இல்லை, 2006-லிருந்து இருக்கிறது, எழுதியவர் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர் என்பது கூடுதல் சுவாரசியம். ஆனால் மூலத்தில் இல்லாத கட்டமைப்பை அது உண்டாக்கித் தராது. போல்டில் போட்ட "எச்சரிக்கை:" அடுத்த முறையிலும் போல்டாகத்தான் போய்ச் சேரும்.

சுருக்கமாக: எழுத ஒரு மார்க்அப் முறை, கட்ட ஒரு ஜெனரேட்டர், வைக்க ஓர் இடம். மூன்றையும் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம், இது அதோடு சேருமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

## டாக்ஸ் ஆஸ் கோட்

இந்தச் சொல்லை நிறையப் பேர் "நிரலிலேயே கமென்ட் எழுதுவது" என்று புரிந்துகொள்கிறார்கள். இல்லை. நிரலை எப்படிப் பராமரிக்கிறோமோ அதே முறையில் ஆவணத்தையும் பராமரிப்பது. டாக்ஸ் கோப்புகள் நிரலின் ரெப்போவிலேயே இருக்கும், மாற்றம் புல் ரிக்வெஸ்டாக, அதாவது "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கையாக வரும், இன்னொருவர் படித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார், சேர்க்கும் முன் தானியங்கிச் சோதனைகள் ஓடும். ஒரு வசதியைச் சேர்க்கும் புல் ரிக்வெஸ்டிலேயே அதன் கையேட்டு மாற்றமும் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம் என்று திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் பிடிவாதமாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

சோதனைகள் என்றேனே, அவை என்ன? ஸ்ஃபிங்க்ஸில் எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக எடுத்துக்கொள் என்று சொல்லலாம், ஓர் இணைப்பு அறுந்தால்கூட பில்ட் நின்றுவிடும். வெளி இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க லிங்க்செக் உண்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது டாக்டெஸ்ட். பைத்தான் கையேடுகளில் ஓர் உதாரணத்தை இப்படிப் பார்த்திருப்பீர்கள்:

>>> 7 // 2
3

முதல் வரி தட்ட வேண்டியது, அடுத்தது வர வேண்டிய விடை. டாக்டெஸ்ட் கையேட்டைத் திறந்து, மூன்று அம்புக்குறி தொடங்கும் வரிகளையெல்லாம் நிஜமாகவே ஓட்டி, வந்த விடையையும் அச்சிட்டிருக்கும் விடையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். நிரல் மாறி உதாரணம் பழசாகிவிட்டால் சோதனை விழும், கையேடு பொய் சொல்வது வாசகருக்குத் தெரியும் முன் உங்களுக்குத் தெரியும். அம்புக்குறி என்ற கட்டமைப்பு அங்கே இருப்பதால்தான் ஒரு நிரலால் உதாரணத்தை இனம்காண முடிகிறது.

## உள்ளே என்ன எழுதுவது: நான்கு வகை

இதுவரை பேசியது துண்டுகளின் கட்டமைப்பு. மொத்தக் கையேட்டுக்கும் ஒன்று உண்டு. இதைத் தவறவிட்ட திட்டங்கள்தான் அதிகம், கருவிகளைப் பிரமாதமாக அமைத்துவிட்டு உள்ளே எல்லாவற்றையும் ஒரே குழம்பாக ஊற்றி வைத்திருப்பார்கள்.

டானியேலே ப்ரோசிடா முன்வைத்த டயடாக்சிஸ் என்ற அணுகுமுறை இங்கே உதவும். வாசகர் எதற்காக வருகிறார் என்று பார்த்து ஆவணத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது. கைபிடித்துக் கூட்டிப்போகும் பாடம், அதாவது டுடோரியல். ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்க வழி, அதாவது ஹவ்-டு. அகராதிபோல் தேடிப் பார்க்கும் குறிப்பு, அதாவது ரெஃபரன்ஸ். ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்ற விளக்கம். வலைத்தளம் கட்ட உதவும் டாங்கோவின் கையேட்டு முகப்பிலும் கிட்டத்தட்ட இதே பிரிவுகளைப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் டீட்டா என்ற எக்ஸ்எம்எல் முறையும் கருத்து, செயல், குறிப்பு என்று இதே திசையில் பிரிக்கிறது. ஐபிஎம்மில் பிறந்து 2005-ல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரமானது அது, தன்னார்வலர் திட்டங்களில் அபூர்வமாகத்தான் தென்படும்.

பிரித்து எழுதாவிட்டால் என்ன ஆகும்? முதல் முறை நிறுவ வந்தவர் மூன்றாம் படியில் இருக்கும்போது "இங்கே பன்னிரண்டு விருப்பங்கள் உண்டு" என்று அட்டவணை நீட்டினால் அவர் தொலைந்தார். அந்த அட்டவணை நல்லதுதான், அது இருக்க வேண்டிய இடம் ரெஃபரன்ஸ்.

டாக்சிஜன், ஜாவாடாக், ஸ்ஃபிங்க்ஸின் ஆட்டோடாக் போன்றவை நிரலில் எழுதியிருக்கும் குறிப்புகளை எடுத்து ஏபிஐ குறிப்பைத் தானாகவே செய்து தரும். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைக்கும் வாசல். "எங்களுக்கு டாக்ஸ் தானா ஜெனரேட் ஆகிடும்" என்று சில மெயின்டெய்னர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆவது ரெஃபரன்ஸ் மட்டும், நான்கில் ஒன்று. மற்ற மூன்றையும் யாராவது உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

## தமிழில் மொழிபெயர்க்க வரும்போது

கட்டமைப்பின் பலன் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் முதலில் கையில் கிடைக்கும். ஸ்ஃபிங்க்ஸ் ஒவ்வொரு பத்தியையும் தனியே பிரித்தெடுத்து பிஓ கோப்பில் வைக்கும். மூல வாக்கியம் ஒன்று, அதன் கீழ் மொழிபெயர்ப்புக்கு இடம் ஒன்று என்று ஜோடி ஜோடியாக இருக்கும் உரைக்கோப்பு அது. வெப்லேட் போன்ற தளங்களில் உலாவியிலேயே நிரப்பலாம். நிரல் துண்டு என்று முறையாகக் குறித்த பகுதிகள் வழக்கமாக அதில் வரவே வராது, அவை மொழிபெயர்க்க வேண்டியவை இல்லை என்று கருவிக்குத் தெரியும். மூல ஆசிரியர் சோம்பல்பட்டு ஒரு கட்டளையைச் சாதாரணப் பத்தியாக எழுதியிருந்தால் மட்டும் அதுவும் வந்து நிற்கும், யாராவது ஒரு நல்லவர் அதையும் தமிழாக்கிவிடுவார்.

மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த ஜோடிக்கு ஃபஸ்ஸி என்று குறி விழும், "சற்றே மாறியிருக்கிறது, ஒரு முறை பார்" என்று அர்த்தம். யாராவது பார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை பக்கத்தில் தமிழ் வராது, அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் தெரியும்.

பிடிஎஃப் எடுக்கும்போது இன்னொன்று. ஸ்ஃபிங்க்ஸ் வழக்கமாக அழைக்கும் பிடிஎஃப்லாடெக் தமிழ் யூனிகோடைப் பார்த்ததும் பிழை சொல்லி நின்றுவிடும். அமைப்புக் கோப்பில் எஞ்சினை ஸீலாடெக் என்று மாற்றி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிட வேண்டும்.

கடைசியாக, தமிழில் எழுதும்போது அடிக்கடி இடறும் ஒரு சிக்கல். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் வாக்கியத்துக்குள் வரும் கட்டளையை ``கிட்`` என்று இரட்டைப் பின்குறிக்குள் எழுதுவோம். மூடும் குறிக்கு அடுத்து இடைவெளியோ நிறுத்தற்குறியோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் பெரும்பாலும் இடைவெளிதான், அதனால் அவ்வளவாக உறைக்காது. தமிழில் வேற்றுமை உருபு வந்து ஒட்டுமே! ``கிட்``ஐ நிறுவுங்கள் என்று இயல்பாக எழுதினால் அந்த மூடும் குறியைக் குறியாகவே எடுத்துக்கொள்ளாது, அடுத்து எங்கே இரட்டைப் பின்குறி கிடைக்கிறதோ அதுவரை எல்லாவற்றையும் நிரல் துண்டாக விழுங்கிவிடும், அல்லது எச்சரிக்கை கொடுக்கும். ``கிட்``-ஐ என்று நடுவில் ஒரு கோடு போட்டால் சரியாகிவிடும். கோடு வேண்டாம் என்றால் பின்சாய்கோடும் ஓர் இடைவெளியும் போட்டு ``கிட்``\ ஐ என்று எழுதலாம், வெளியீட்டில் இரண்டும் மறைந்து உருபு ஒட்டிக்கொள்ளும். மார்க்டவுனில் இந்தத் தொல்லை கிடையாது, `கிட்`ஐ என்று நேரடியாகவே எழுதிக்கொள்ளலாம்.